மீனும் சுத்தபோசனமும்

நம் முன்னோர் கற்ற ஞானோபதேசத்தில் 'சுத்தபோசனம்' என்றொரு சொல் உண்டு. ஒருசந்தியோடு சேர்த்து மனப்பாடம் செய்விக்கப்பட்ட சொல் அது. இறைச்சியை விலக்கி உண்பது என்பதே அதன் பொருள். ஆயின், விலக்கப்பட்ட அந்த இறைச்சியில் மீன் ஒருநாளும் சேர்க்கப்பட்டதில்லை. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் திருச்சியின் மீன் கடைகளில் நம் பங்கு மக்களைக் காண்பது புதுமையன்று. ஆட்டுக்கறிக்குத் தடை, வஞ்சிரத்துக்குத் தடையில்லை. காவிரிப் பாலத்தைக் கடந்து திருவரங்கத்துக்குள் சென்று, மீன் குழம்பும் சோறும் சுத்தபோசனம் என்று சொல்லிப் பாருங்கள். உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள்.

இந்த வேறுபாடு எங்கிருந்து வந்தது? புனித அக்குவினா தோமையார் தமது இறையியல் தொகுப்பில் இதற்கு ஒரு விளக்கம் தருகிறார். தரையில் வாழ்ந்து காற்றைச் சுவாசிக்கும் விலங்குகளும் பறவைகளும் மனித உடலோடு அதிக ஒப்புமை உடையவை; எனவே அவற்றின் ஊன் மிகுந்த சுவையும் ஊட்டமும் தருகிறது; புலனடக்கத்திற்காக அதனை விலக்குகிறோம் என்பது அவர் கருத்து. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பும் 1251ஆம் விதியில் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தவிர்த்தலைக் கூறுகிறதே ஒழிய, மீனைக் குறிப்பிடவில்லை. ஆக, இவ்வொழுங்கு முழுவதும் உண்பவனுடைய நாவைப் பற்றியது. உண்ணப்படும் உயிரைப் பற்றி அது எதுவும் பேசவில்லை. பேசாததைப் பேசியதாக நாம்தான் எண்ணிக்கொண்டோம். மீன் இறைச்சியன்று என்பது மெல்ல மெல்ல, மீன் ஓர் உயிரே அன்று என்பதுபோல ஆகிவிட்டது.

இக்கேள்வியை நம் முன் வைத்தவர் திருவரங்கத்தில் வாழும் நம் நண்பர். விலங்கியல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர்; வைணவர். ஃபார்மலினில் ஊறிய மீன்களை நாற்பது ஆண்டுகளாகக் கையால் எடுத்துக் காட்டியவர். ஒரு மீனையும் வாயில் வைத்தறியாதவர். மாணவருக்குப் பாடம் நடத்திய தட்டை மீனை உயிரோடு ஒருமுறை காணவேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. மாசி மாதத்தில் ஒருநாள் மயிலாடுதுறைக்கு ரயிலேறி, அங்கிருந்து செம்பனார்கோயில் வழியாகப் பேருந்தில் தரங்கம்பாடி சேர்ந்தோம். மறுநாள் விடியுமுன் நமக்கு அறிமுகமான மீனவர் ஒருவரின் ஃபைபர் படகில் ஏறினோம். 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலையில் வீட்டையும் படகையும் இழந்து, மீண்டும் தொழிலுக்கு வந்தவர் அவர்.

கரையிலிருந்து வெகுதொலைவு செல்லவில்லை. டேனியர் கோட்டையும் அலையோரத்து மாசிலாமணிநாதர் கோயிலும் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தன. கடலடி மணலைத் தொட்டு நிற்கும்படி முந்தின மாலையே வலை விட்டிருந்தார். இழுக்கத் தொடங்குமுன் நீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நண்டுகள் வந்தன, இரண்டு திருக்கை வந்தது, அதன்பின் நண்பர் காத்திருந்த மீன் வந்தது. ஒரு முழ நீளம், பழுப்பு நிறம், அகன்ற வாய், கூரிய பற்கள். புரட்டினால் அடிப்பக்கம் வெளுப்பு.

"எருமை நாக்கு சாமி" என்றார் மீனவர்.

நண்பர் முகம் மலர்ந்தது. இம்மீனின் அறிவியல் பெயரிலேயே 'எருமெய்' என்ற சொல் இருப்பதை அவர் கூறினார். தரங்கம்பாடியில் பணியாற்றிய லூத்தரன் மறைப்பணியாளர் ஜான் என்பவர் இக்கரையின் மீன்களைச் சேகரித்து பெர்லினில் இருந்த பிளாக் என்னும் அறிஞருக்கு அனுப்பிவந்தார். பிளாக்கின் நூலை ஷ்னைடர் நிறைவு செய்து 1801இல் வெளியிட்டபோது, தரங்கம்பாடி மீனவர் வழங்கிய தமிழ்ப் பெயரே இம்மீனுக்கு நிலைத்துவிட்டது. படகில் நின்ற மனிதரின் பாட்டன்மார் சொன்ன சொல் உலகின் அருங்காட்சியகங்களில் எழுதப்பட்டிருக்கிறது. அவருக்கு அதைச் சொன்னபோது, "அப்படியா?" என்று கேட்டுவிட்டு வலையில் கவனமானார்.

தட்டை மீனின் குஞ்சு, பொரிக்கும்போது மற்ற மீன்களைப்போலவே பக்கத்துக்கொரு கண்ணோடு நிமிர்ந்து நீந்துகிறது. வளர வளர ஒரு கண் தலையைச் சுற்றி மறுபக்கத்துக்கு நகர்கிறது. பின்னர் அது ஒரு பக்கமாகப் படுத்து, மணலில் உடலை மறைத்து, கண்களை மட்டும் வெளியே வைத்துக் காத்திருக்கிறது. மற்றவற்றில் கண் முழுமையாக இடம் பெயர்ந்துவிடும்; எருமை நாக்கிலோ தலையின் மேல்விளிம்போடு நின்றுவிடுகிறது. பாதிவழியில் நிற்கும் கண்ணால் என்ன பயன் என்று 1871இல் டார்வினை மடக்கிக் கேட்டவர் மைவர்ட் என்னும் கத்தோலிக்க அறிஞர். டார்வின் அடுத்த ஆண்டே தம் நூலின் ஆறாம் பதிப்பில் மறுமொழி எழுதினார். கண் பாதிவழி நகர்ந்த நிலையிலுள்ள பழைய மீன்களின் புதைபடிவங்கள் வட இத்தாலியப் பாறைகளிலிருந்து 2008இல் அடையாளம் காணப்பட்டன. ஏறத்தாழ 5 கோடி ஆண்டுப் பழமை. மைவர்ட்டின் கேள்வி தோற்றது. ஆனாலும் நல்ல கேள்வி. படைத்தவர் அவசரப்படாதவர் என்பதை நாம் அறிய அது உதவிற்று.

இவையனைத்தையும் நண்பர் சொல்லிக்கொண்டிருக்கையில் மீன் படகின் அடித்தளத்தில் கிடந்து செவுளை அசைத்துக்கொண்டிருந்தது. முதலில் விரைவாக, பிறகு விட்டுவிட்டு. அவர் பேச்சை நிறுத்தினார். அது அடங்குவதற்கு நெடுநேரமாயிற்று. "ஃபாதர், இதைச் சுத்தபோசனம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்றார். ஏளனம் இல்லை; மாணவன் ஐயம் கேட்பதுபோலவே கேட்டார்.

ஆண்டவர் உயிர்த்தபின் பொரித்த மீன் உண்டதை லூக்கா நற்செய்தி 24ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோமே என்றோம். "அது உங்களுக்கு விடை. மீனுக்கு விடையா?" என்றார். நாமும் விடவில்லை. பெருமாளுக்குச் சாத்தும் பட்டுக்காக எத்தனை புழுக்கள் கூட்டோடு வெந்நீரில் இடப்படுகின்றன என்று கேட்டோம். அவர் சிரித்துவிட்டார். "இதை என் மனைவியே கேட்டிருக்கிறாள். காஞ்சிப் பெரியவர் பட்டு வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். கலியாண வீடுகளில் யார் கேட்டார்கள்?" என்றார். வாதத்தில் இருவரும் சமம் ஆனோம். ஆனால் கேள்வி அப்படியே நின்றது. பிறர் குறையைக் காட்டுவதால் நம் கேள்வி தீர்ந்துவிடுவதில்லை.

மீனுக்கு வலி உண்டா? 2003இல் பிரித்தானியாவில் லின் ஸ்நெடனும் உடனாய்வாளரும் டிரவுட் மீன்களின் உதட்டில் தேனீ நஞ்சையும் அசெட்டிக் அமிலத்தையும் செலுத்திப் பார்த்தனர். அவை இரை எடுக்க நெடுநேரம் தாமதித்தன. அமிலம் பெற்றவை உதட்டைத் தொட்டியின் கற்களில் தேய்த்தன. இது வெறும் உடலின் அனிச்சைச் செயல், துன்பத்தை உணரும் மூளைப்பகுதி மீனுக்கில்லை என்று மறுப்போரும் உண்டு. வழக்கு முடியவில்லை. ஆயினும், ஐயம் உள்ள இடத்தில் கருணையின் பக்கம் சாய்வது நம் அறநெறி மரபுக்குப் புறம்பானதன்று. விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்கு முரணானது என்று கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி 2418ஆம் எண்ணில் கூறுகிறது. உணவுக்குக் கொல்வதை அது தடை செய்யவில்லை. 'தேவையின்றி' என்னும் சொல்லில்தான் முழுச் சுமையும் இருக்கிறது.

அச்சுமையை அப்படகில் நாம் கண்டோம். உள்ளங்கையளவு எருமை நாக்கு ஒன்று வலையில் வந்தபோது மீனவர் பதமாக விடுவித்து நீரில் போட்டார். "பொழச்சிக்கும் சாமி. குட்டிய விட்டாத்தான நமக்கு நாளைக்கு." இழுவை மடிகளைப் பற்றிக் கேட்டோம். கடலடியை வாரிக்கொண்டு போகும் வலைக்குத் தட்டை மீன் தப்புவதரிது. மணலில் பதுங்குவதே அதற்குத் தெரிந்த ஒரே தற்காப்பு. வாரப்படும் குஞ்சுகள் நசுங்கிச் சாகின்றன; விலைபோகாதவை கோழித் தீவனத்துக்கு அரைபடுகின்றன. யாருடைய பசிக்காகவும் இறவாத மீன்கள் அவை.

2001 முதல் தமிழக அரசு இக்கீழைக்கரையில் விசைப்படகுகளுக்கு ஆண்டுதோறும் 45 நாள் தடை விதித்து வந்தது. 2017இல் அது 61 நாளாயிற்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. பெரும்பாலான ஆண்டுகளில் நம் தவக்காலம் முடிகிற வேளையில் கடலின் ஓய்வு தொடங்குகிறது. மீன் முட்டையிடும் பருவம் என்று அதற்குக் காரணம் சொல்லப்படுகிறது. உண்ணப்படும் உயிரையும் எண்ணிப் பார்க்கும் ஒருசந்தி என்றால், நமக்கு இதுவே தெரிகிறது. அரசாணை வழியாக வந்தாலும் வரட்டும்.

தொடக்க நூலை மறுபடியும் எடுத்துப் பார்த்தோம். முதல் அதிகாரத்தில் மனிதனுக்கு உணவாகத் தரப்பட்டவை விதை தரும் செடிகளும் கனி மரங்களுமே. ஊன் உண்ண இசைவு, வெள்ளத்துக்குப் பின், ஒன்பதாம் அதிகாரத்தில் வருகிறது. கடல் மீன்களும் அங்குப் பெயர் சொல்லியே ஒப்படைக்கப்படுகின்றன. அவை மனிதனைக் கண்டு அஞ்சும் என்றும் அதே இடத்தில் எழுதியிருக்கிறது. ஆக, உண்ணலாம் என்ற இசைவு காயப்பட்ட உலகுக்குத் தரப்பட்டது. நாம் மீன் உண்கிறோம், இனியும் உண்போம். மீனவ மக்களின் அடுப்பை அணைத்துவிட்டு நாம் அடையும் தூய்மை நமக்கு வேண்டாம். ஆனால் கிலோ ஆயிரம் ரூபாய் கொடுத்து வஞ்சிரம் வாங்கி வெள்ளிக்கிழமையை நிறைவேற்றியதாக யாரேனும் நம்மிடம் சொன்னால், அக்குவினா தோமையாரின் கணக்கிலேயே அது தேறாது என்று சொல்வோம். நாவை அடக்கத் தந்த நாளில் நாவுக்கு விருந்து வைத்தாயிற்று.

அன்று மதியம் மீனவர் வீட்டில் நமக்கு எருமை நாக்குக் குழம்பு. நண்பர் தம் தூக்குச்சட்டியிலிருந்த தயிர்ச்சோற்றைத் திறந்தார். வழக்கம்போல உணவுக்கு முன் செபித்தோம்: தந்த இறைவனுக்கு நன்றி, சமைத்த கைகளுக்கு ஆசி, உணவில்லாதோர்க்கு உணவு. நண்பர் கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "எல்லாரும் வந்துவிட்டார்கள் ஃபாதர், மீனைத் தவிர" என்றார். குருமடத்தில் எட்டு ஆண்டுகள் படித்தோம். உணவாகும் உயிருக்குச் செபத்தில் என்ன இடம் என்பது எந்த வகுப்பிலும் வந்ததாக நினைவில்லை.