டீச்சர், சாமியால் முடியுமா?

ஆறாம் வகுப்பில் பகா எண் நடத்திக்கொண்டிருந்தேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தி எழுந்தாள். "டீச்சர், சாமி நினைச்சா பதிமூணைப் பகு எண்ணா மாத்திட முடியுமா?" வகுப்பு சிரித்தது. மணியும் அடித்துவிட்டது. பதில் சொல்லாமல் வெளியே வந்தேன். தினமும் விளக்கேற்றுகிறவள் நான். சாமியால் ஆகாதது ஒன்று உண்டு என்று சொல்ல அன்று எனக்கு வாய் வரவில்லை.

ஏறக்குறைய இதே கேள்வி 1630-இல் ஒரு பிரெஞ்சுத் துறவிக்குப் போன கடிதங்களில் இருக்கிறது. எழுதியவர் தத்துவஞானி தெகார்த். அரசன் தன் நாட்டுக்குச் சட்டம் போடுவதுபோலக் கணித உண்மைகளையும் கடவுளே விதித்தார் என்பது அவர் கட்சி. கடிதத்தைப் பெற்ற துறவி மெர்சென். இரண்டை இரண்டால் திரும்பத் திரும்பப் பெருக்கி, ஒன்றைக் கழித்துக் கிடைக்கும் பகா எண்களுக்கு இன்று அவர் பெயர்தான்.

1644-இல் அவர் வெளியிட்ட பட்டியலில் 2-இன் 67-ஆம் அடுக்கும் இருந்தது. ஒன்றைக் கழித்தால் 147573952589676412927. இது பகா எண் என்றார் மெர்சென். இல்லை, பகு எண் என்று 1876-இல் எதுவார் லூக்காஸ் நிறுவினார். ஆனால் எந்த எண்ணால் வகுபடும் என்பது அவருக்கும் தெரியாது! காரணியைக் காணாமலே காரணி உண்டு என்று உறுதியாக அறிவது எப்பேர்ப்பட்ட அறிவு. இந்த இடத்தைத் தாண்ட எனக்குப் பல நாள் ஆயிற்று.

1903 அக்டோபரில், நியூயார்க்கில் நடந்த அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டத்தில், ஃபிராங்க் நெல்சன் கோல் அந்த எண்ணின் இரு காரணிகளையும் காட்டினார்: 193707721, 761838257287.

ஓய்வுபெற்ற பிறகு ஒரு மதியம், கட்டம் போட்ட நோட்டில் நானே பெருக்கிப் பார்த்தேன். ஏழால் பெருக்கும் வரி மூன்று முறை வந்தது. ஓரிடத்தில் மேலே வைத்த ஒன்றைக் கூட்ட மறந்து, முதலிலிருந்து போட்டேன். கடைசியில் இருபத்தோரு இலக்கமும் பொருந்தியபோது உடம்பு சிலிர்த்தது. மெர்சென் ஜெபித்த நாட்களிலும் இவ்விரண்டும் இப்படியேதான் இருந்தன.

கிறித்தவ ஞானி அகஸ்டின் தெகார்த்துக்கு ஆயிரத்து இருநூறு வருடம் முந்தியவர். ஆறைத் தவிர அதன் மற்ற வகுத்திகளான 1, 2, 3 கூடினால் ஆறே வரும்; இப்படிப்பட்டதை நிறைவான எண் என்பார்கள். கடவுள் ஆறு நாளில் படைத்ததால் ஆறு நிறைவான எண் ஆகிவிடவில்லை, அது நிறைவான எண் என்பதால்தான் ஆறு நாள் என்றார் அவர். படைப்பே நிகழாவிட்டாலும் ஆறு அப்படியேதான் இருக்கும் என்றும் துணிந்து எழுதினார். அவர் சொல்வதுதான் என் மனதுக்கு ஒப்புகிறது. இதனால் என் சாமி சிறுத்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பெண் இப்போது வந்தால் கையில் பதிமூன்று புளியங்கொட்டை கொடுப்பேன். சமவரிசையாக அடுக்கச் சொல்வேன். இரண்டு வரிசை வைத்தால் ஒன்று மிஞ்சும். மூன்று வைத்தாலும் ஒன்று. நாலு வைத்தாலும் ஒன்று. அந்த ஒன்றை எடுத்துவிட்டால் அழகாக அடுக்கலாம். ஆனால் அப்போது தரையில் இருப்பது பன்னிரண்டு.