பெற்றதும் படைப்பதும்

கி.மு. 551 முதல் 479 வரை வாழ்ந்த சீன ஞானி கன்பூசியஸ், தம்மைப் படைப்பாளர் என்று சொல்லிக்கொள்ளவில்லை. முன்னோரிடம் பெற்றதைப் பின்னோர்க்குக் கையளிப்பவர் மட்டுமே தாம் என்பது அவருடைய தன்மதிப்பீடு. அவர்தம் மாணவர் வழிவந்தோர் தொகுத்த 'லுன்யூ' என்னும் உரையாடல் நூலில் இக்கருத்து இடம்பெற்றுள்ளது. இதை மேலோட்டமாகக் காண்போர், புதுமைக்கு இடமளியாத சிந்தனை இது என்று முடிவு கட்டிவிடுகின்றனர். அம்முடிவு சரிதானா என்பதைச் சற்றே ஆராய்வோம்.

படைப்பாற்றல் என்றவுடன், முன்பு இல்லாத ஒன்றைத் தனியொருவர் உண்டாக்குவதையே நாம் எண்ணுகிறோம். கன்பூசிய மரபின் பார்வை வேறு. வானும் மண்ணும் ஓய்வின்றி உயிர்களைத் தோற்றுவித்து வளர்த்து வருகின்றன. தன்னைச் செம்மைப்படுத்திக்கொண்ட மனிதன் அச்செயலில் மூன்றாமவனாக இணையும் தகுதி பெறுகிறான் என்று கற்பிக்கிறது 'சோங்யோங்' என்னும் நூல். எனவே இங்கே படைப்பு என்பது ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் ஒன்றில் பொறுப்போடு பங்கேற்பதாகும். அதன் முதற்பொருள் கல்லோ சொல்லோ அன்று. படைப்பவனின் சொந்த வாழ்வே.

இப்பங்கேற்பு எப்படி நிகழ்கிறது என்பதற்கு லுன்யூ ஓர் எளிய எடுத்துக்காட்டைத் தருகிறது. சடங்கின்போது அணியும் தலையணி நார்த்துணியால் அமைய வேண்டும் என்பது பழைய விதி. கன்பூசியஸின் காலத்தில் மக்கள் பட்டுக்கு மாறியிருந்தனர். அதுவே சிக்கனமாகவும் இருந்தது. அவரும் தயங்காமல் மாறினார். அரசரை மண்டபத்தின் கீழே நின்று வணங்குவது மற்றொரு பழைய விதி. மேலேறிய பின் வணங்கும் வழக்கம் அப்போது பரவியிருந்தது. அதில் செருக்கைக் கண்ட அவர், பலரும் மாறிய பின்னரும் கீழே நின்றே வணங்கினார். ஒரு மாற்றத்தை ஏற்றவர் மற்றொன்றை ஏன் மறுத்தார்? பழையது, புதியது என்பது அவருடைய அளவுகோல் அன்று. சடங்கின் உயிர் பணிவு. தலையணியின் துணி மாறினால் அவ்வுயிர் போவதில்லை. வணங்கும் இடம் மாறினாலோ அது போய்விடுகிறது. இந்தப் பகுத்தறிவை எந்த விதிநூலும் தர இயலாது. ஒவ்வொருவரும் தம்முள் உருவாக்கிக்கொள்ள வேண்டியது அது.

இத்தகைய வாழ்விலிருந்து கலை எவ்வாறு பிறக்கிறது என்பதையும் காணலாம். யென் ஜென்ச்சிங் (709 - 785) தாங் பேரரசின் உண்மை மாறாத அதிகாரி. புகழ்பெற்ற எழுத்துக் கலைஞர். 755-இல் மூண்ட ஆன் லூஷான் கிளர்ச்சியில் அவருடைய அண்ணன் முறையினர் ஒருவரும் அவர் மகனும் கொல்லப்பட்டனர். 758-இல் அந்த மகனுக்குரிய நீத்தார் வழிபாட்டு உரையை யென் எழுதினார். அடித்தலும் திருத்தலும் நிறைந்த அந்த வரைவுத்தாள் இன்று தைப்பேய் நகரின் தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் உள்ளது. சீன எழுத்துக் கலையின் தலைசிறந்த படைப்புகளுள் ஒன்றாக அது போற்றப்படுகிறது. கலைப்படைப்பு ஒன்றை ஆக்கவேண்டும் என்று அவர் அமரவில்லை. இறந்தவனுக்குரிய கடமையைச் செய்யவே அமர்ந்தார். சடங்கு பழையது, உரையின் அமைப்பும் பழையது. ஆயினும் துயரும் சினமும் தூரிகையின் வேகத்தில் வெளிப்பட்ட விதம் அவருக்கு மட்டுமே உரியது.

இம்மரபுக்கு இருண்ட பக்கமும் உண்டு. 1313-இல் யுவான் அரசு, சூ சி என்னும் அறிஞர் கன்பூசிய நூல்களுக்கு எழுதிய உரைகளை அதிகாரிகளுக்கான தேர்வுகளின் அடிப்படையாக்கியது. பிற்காலத் தேர்வுகள் எட்டு உறுப்புகள் கொண்ட கட்டுரையை வற்புறுத்தின. 1905-இல் தேர்வுமுறையே ஒழிக்கப்படும்வரை, தலைமுறை தலைமுறையாக இளைஞர்கள் ஞானியின் சொற்களை மனப்பாடம் செய்தனர். 1918-இல் லூ சுன் வெளியிட்ட 'பித்தனின் நாட்குறிப்பு' என்னும் சிறுகதை, அறத்தின் பெயரால் மனிதரையே விழுங்கும் சமுதாயமாகத் தம் நாட்டைக் காட்டியது. அக்குற்றச்சாட்டை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. பணிவு என்னும் சொல்லால் மகன்மாரும் பெண்களும் வாயடைக்கப்பட்டது உண்மையே.

எனினும், அங்கே நிகழ்ந்தது கையளித்தல்தானா? கன்பூசியஸ் தலையணியைப் பற்றிக் கேட்ட கேள்வியை, அவர் பெயரைச் சொல்லி ஆண்டவர்கள் கேட்க மறந்தனர். பெற்றதன் உயிர் எது, உறை எது என்று ஆராயாமல் ஒப்படைப்பவன் மரபைக் காப்பவன் அல்லன். அதன் வெறும் காவலாளி. அனைத்தையும் தூக்கி எறிபவனும் அந்த ஆராய்ச்சியின் உழைப்பைத் தவிர்ப்பவனே. இவ்விருவருக்கும் இடையே உள்ள கடினமான பாதையையே கன்பூசியஸ் படைப்பின் பாதையாக வாழ்ந்து காட்டினார்.

பெற்றோரும் ஆசிரியரும் நம் கைகளில் எதையோ வைத்துச் சென்றுள்ளனர். அதில் எதைப் பிள்ளைகளிடம் ஒப்படைக்கிறோம், எதை நம்மோடு நிறுத்திக்கொள்கிறோம் என்பதை நாள்தோறும் தீர்மானித்து வருகிறோம். அத்தீர்மானத்தை அறிந்து செய்கிறோமா என்பதே கேள்வி.