முதுமையில் உடல் நலமும் கைங்கர்யமும்

அழியும் உடலைப் பேணுவதில் காலத்தைச் செலவிடலாமா என்னும் ஐயம் முதுமையில் ஆஸ்திகர் பலருக்கு எழுவதுண்டு. பாரத்தை எம்பெருமானிடம் ஒப்புவித்தபின் உணவில் கட்டுப்பாடும் தேகப்பயிற்சியும் எதற்கு என்பர் சிலர். வேறு சிலரோ மருந்தும் பத்தியமுமே வாழ்வென்று அவற்றில் மூழ்கிவிடுவர். இவ்விரண்டில் எது நெறி?

ஓர் ஆத்மாவினால் தாங்கப்பட்டு, நியமிக்கப்பட்டு, அதன் பயனுக்காகவே இருப்பது எதுவோ அதுவே சரீரம் என்று ஸ்ரீபாஷ்யத்தில் எம்பெருமானார் இலக்கணம் வகுத்தருளினார். அம்முறையில் உயிர்களும் உலகும் எம்பெருமானுக்குச் சரீரமாகும். ஆகவே ஒருவன் தன்னுடையதென்று எண்ணும் உடலும் உண்மையில் அவன் உடைமையே. பிறர் பொருளைக் காவல் காப்பவன் அதைப் பாழாக விடுவதும் குற்றம். சொந்தம் கொண்டாடுவதும் குற்றம். மேற்கூறிய இரு சாராரும் இவ்விரு குற்றங்களுக்கு ஆளானவர்களே.

நடுவழியைக் காட்டுகிறது பெரிய திருமலை நம்பியின் சரிதம். எம்பெருமானாருக்கு மாமனாகவும், ஸ்ரீராமாயணம் உபதேசித்த ஆசாரியராகவும் விளங்கிய அவர், திருவேங்கடமுடையானின் திருமஞ்சனத்திற்கு நாள்தோறும் பாபவிநாசத்திலிருந்து தீர்த்தம் சுமந்து வந்தார். திருக்கோயிலிலிருந்து அது ஏறத்தாழ 5 கிலோமீட்டர் தொலைவு. முதுமை வந்தும் அவர் கைங்கர்யத்தை விடவில்லை. ஒரு நாள் எம்பெருமான் வேடன் வடிவில் வந்து, தண்ணீர் கேட்டு, குடத்தைத் துளைத்துப் பருகி, அருகிலேயே ஆகாசகங்கையைக் காட்டியருளினான் என்பர் பெரியோர். திருமலையில் இன்றும் நடைபெறும் தண்ணீரமுது உற்சவம் இதன் நினைவே.

இதில் ஒன்றைக் கருத வேண்டும். முதியவரிடமிருந்து குடத்தை எம்பெருமான் பறித்துக்கொள்ளவில்லை, தொலைவையே குறைத்தான். தொண்டு நிற்கவில்லை, அதன் அளவுதான் மாறிற்று. முதுமைக்குரிய தர்மம் இதுவே.

மருத்துவமும் இதையே மொழிகிறது. நடு வயதிலிருந்தே தசையின் வலிமை சிறிது சிறிதாகக் குறைகிறது; அறுபதுக்குமேல் அக்குறைவு விரைவாகிறது. ஓய்வென்று படுத்தே கிடப்பவருக்கு அது இன்னும் மிகும். வாரத்திற்கு 150 நிமிஷமேனும் மிதமான உழைப்பு வேண்டுமென்றும், 65 வயது கடந்தோர் வாரத்தில் மூன்று நாட்களாவது தடுமாறாது நிற்பதற்கும் வலிமைக்குமான பயிற்சி செய்ய வேண்டுமென்றும், இயலாதவர் தம் சக்திக்கேற்ப இயங்கினால் போதுமென்றும் உலக சுகாதார நிறுவனம் 2020-ஆம் ஆண்டில் அறிவித்தது. திருக்கோயில் பிரதக்ஷிணமும் நந்தவனப் பணியும் இதற்குத் தகுந்த வழிகளே. முழங்கால் நோயுற்றவர் தரையில் விழுந்து வணங்க முடியாவிடில், கூப்பிய கைகளும் வணக்கமே.

உணவிலும் உறக்கத்திலும் அளவு வேண்டுமென்று ஸ்ரீகீதை ஆறாம் அத்தியாயத்தில் பகவான் அருளினான். பிரசாதமாயினும் அளவே நன்று. முதுமையில் தாகவுணர்ச்சி மங்குவதால், வெயிலில் வரிசையில் நிற்பவர் தாகம் எடுக்கும்வரை காத்திராமல் நீர் அருந்த வேண்டும். ஏகாதசி உபவாஸத்திலும் எண்பது கடந்தோருக்கு சாஸ்திரம் விலக்கு அளித்திருக்கிறது. நீரிழிவுக்கு மருந்து உட்கொள்பவர் மருத்துவரைக் கேளாது பட்டினி இருத்தல் தகாது.

எத்தனை பேணினும் ஒரு நாள் உடல் தளரும். அது பாவத்தின் அடையாளமோ பக்தியின் குறைவோ அன்று. எம்பெருமானாரே முதிர்ந்த வயதில் காவிரிக்கு நீராடச் செல்கையில் முதலியாண்டான் தோளையும், மீள்கையில் உறங்காவில்லிதாசர் தோளையும் பற்றி நடந்தார். பிறர் தோளைப் பற்றுவதில் இழிவில்லை. தோள் கொடுப்பது இளையோரின் பேறு.

உடலும் மனமும் நலமாயுள்ளபோது தன்னை நினைத்தவனை, அவன் கட்டைபோலும் கல்போலும் கிடக்கும் அந்திம காலத்தில் தானே நினைத்துக் கரையேற்றுவதாக ஸ்ரீவராஹப் பெருமான் பூமிப்பிராட்டிக்கு வாக்களித்தான். நலமுள்ள நாட்களின் பயன் அவனை நினைப்பதே; நலம் குன்றிய நாட்களுக்கு அவனே பொறுப்பு. இவ்வுணர்வோடு உடலைப் பேணி, இயன்ற தொண்டு செய்து, அடியார்கள் நெடிது வாழத் திருமகள் கேள்வன் அருள்புரிவானாக.