ஒரே உயரத்தில் இரு கண்கள்

தனுஷ்கோடி பற்றிய ஆவணப்படம் ஒன்றின் தொடக்கத்துக்காகப் பூமியைச் சுழலவைக்கும் வேலை என்னிடம் வந்தது. இருளில் மிதக்கும் உருண்டை மெல்லத் திரும்ப வேண்டும். இந்தியப் பெருங்கடல் முன்னால் வந்ததும் பார்வை கீழிறங்கி, பாம்பன் தீவின் தென்கிழக்கு முனையிலுள்ள அந்த மணல்திட்டில் போய் நிற்க வேண்டும். திரையில் 12 நொடி. அதற்கு எனக்கு 3 வாரம் பிடித்தது.

ஆஃப்டர் எஃபெக்ட்ஸ் மென்பொருளில் பூமி தட்டையாகத்தான் உள்ளே வருகிறது. நாசா 2005-இல் வெளியிட்ட ‘ப்ளூ மார்பிள்: நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ படத்தை எடுத்துக்கொண்டேன். முழு அளவில் அது 86,400 பிக்சல் அகலம், 43,200 பிக்சல் உயரம். ‘சிசி ஸ்பியர்’ எஃபெக்டைப் போட்டதும் படம் பந்தைச் சுற்றிய துணிபோல வளைந்துகொள்கிறது. மேல் விளிம்பில் நீளமாகக் கிடந்த 86,400 பிக்சலும் வடதுருவம் என்ற ஒரே புள்ளியில் ஒடுங்குகின்றன. சுழற்சிக்குத் தொடக்கத்தையும் முடிவையும் குறிக்கும் இரண்டு கீஃப்ரேம் போதும். வடக்கு மேலே இருந்தால் நிலம் இடமிருந்து வலமாக நகர வேண்டும். திசை மாறினால் சூரியன் மேற்கில் உதிக்கிற உலகமாகிவிடும்.

சுழற்றுவது இவ்வளவுதான். நெருங்குவதில்தான் நாள்கள் கரைந்தன.

முதலில் அளவைச் சீராகக் கூட்டிப் பார்த்தேன். தொடக்கத்தில் பூமி முகத்தில் மோதுவதுபோல் பாய்ந்தது. பிறகு நகரவே மறுத்தது. 100 விழுக்காடு 200 ஆவது இரு மடங்கு. 900 விழுக்காடு 1,000 ஆகும்போது ஒன்பதில் ஒரு பங்குதான் கூடுகிறது. கண்ணுக்குக் கூட்டல் தெரியாது, பெருக்கல்தான் தெரியும். ஒரே சீராக நெருங்குவதாகத் தோன்ற வேண்டுமென்றால், அளவு சம கால இடைவெளிகளில் மடங்கு மடங்காக ஏற வேண்டும். மென்பொருளில் அதற்கென்றே ‘எக்ஸ்பொனென்ஷியல் ஸ்கேல்’ இருக்கிறது. அருகே போகப் போக, அதே ஓர் அடிக்கு முன்பைவிட அதிகம் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அடுத்தது மங்கல். ப்ளூ மார்பிளில் ஒரு பிக்சல் தரையில் ஏறத்தாழ 500 மீட்டர். 1,920 பிக்சல் அகலத் திரையில் 960 கிலோமீட்டர் தெரியும்வரை படம் கூர்மையாக இருக்கும். அதைத் தாண்டினால் புதிதாக ஒன்றும் வராது. இருக்கும் பிக்சல்களே வீங்கும். பாம்பன் தீவு ஒரு பச்சைக் கறையானது. தனுஷ்கோடி கடலோடு கரைந்துபோனது.

அதனால், முதல் படம் மங்கத் தொடங்கும் இடத்தில் லேண்ட்சாட் 8 எடுத்த படத்தை அடியில் பொருத்தித் தெளியவிட்டேன். அதில் ஒரு பிக்சல் 30 மீட்டர். மணல்திட்டுக்குக் கரை பிறந்தது. இரு புறமும் கடல் வேறு வேறு நிறமாகப் பிரிந்தது. பார்ப்பவருக்கு, வானத்திலிருந்து தாழ இறங்கியதுபோல் இருக்கும்.

இரு படங்களின் விவரங்களையும் சேர்த்துப் படித்த இரவில் என் கை நின்றது. ப்ளூ மார்பிளுக்குப் படமெடுத்த டெரா செயற்கைக்கோள் சுற்றிய உயரம் 705 கிலோமீட்டர். லேண்ட்சாட் 8 சுற்றும் உயரமும் 705 கிலோமீட்டர். யாரும் கீழே இறங்கவில்லை. இருவரும் ஒரே தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார்கள்.

கருவிகள் வேறு என்பது உண்மை. ஆனால் அவை எதற்காக வேறாயின? டெராவில் உள்ள மோடிஸ் கருவி ஒரே வீச்சில் 2,330 கிலோமீட்டர் அகலத்தை வாரிக்கொள்கிறது. ஓரிரு நாளில் உலகம் முழுவதையும் பார்த்துவிடுகிறது. லேண்ட்சாட் ஒரு வீச்சில் 185 கிலோமீட்டர் மட்டுமே பார்க்கிறது. அதே இடத்துக்கு அது மறுபடி வர 16 நாள் ஆகிறது. ஒன்று எல்லாவற்றையும் விரைந்து பார்க்கிறது. மற்றொன்று அகலத்தை விட்டுக்கொடுத்து, நாள்களையும் கொடுத்து, நுணுக்கத்தை வாங்கிக்கொள்கிறது.

எனக்கு அக்காவின் நினைவு வந்தது. அம்மா இருக்கும் தெருவில்தான் நாங்கள் இருவரும் இருக்கிறோம். அம்மா வீட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அக்கா. தூரத்தில் வேறுபாடில்லை. நான் தினமும் வாசலில் நின்று, “சாப்பிட்டியாம்மா? மாத்திரை போட்டியா?” என்று கேட்டுவிட்டுப் போகிறவன். அக்கா போனால் உட்கார்ந்துவிடுவாள். அம்மா படியிறங்கும்போது வலது காலை ஊன்றத் தயங்குவதை அவள்தான் கண்டாள். நான் அதே படியில் அதே அம்மாவை நூறு முறை பார்த்திருக்கிறேன்.

தனுஷ்கோடியையும் நான் அப்படித்தான் பார்த்து வந்திருக்கிறேன். 1964 டிசம்பர் புயலில் அழிந்த ஊர் என்ற ஒரு வரி என்னிடம் இருந்தது. இடிந்த தேவாலயத்தின் முன் நின்றபோதும் அந்த வரியையே பெரிதாக்கிக்கொண்டு திரும்பினேன். என் 12 நொடி முடியும் இடத்திலிருந்து தொடங்கும் ஆவணப்படமோ, அங்கே சங்கும் சிப்பியும் விற்கும் ஒரு பெண்ணின் விரல்களில் வெகுநேரம் நிற்கிறது. அந்த விரல்களைப் பார்த்த பிறகு, அழிந்த ஊர் என்று என்னால் சொல்ல முடியவில்லை. அங்கே ஒருத்தி காலையில் கடை விரிக்கிறாள்.

தொலைவில் எடுத்த படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அது அருகாமை ஆகாது. அருகில் போய் நின்றாலும் ஆகாது. ஒருவரை நெருங்க வேண்டுமென்றால், அந்த நேரத்துக்கு மற்ற உலகத்தைப் பார்க்காமல் விட்டுவிடும் துணிவு வேண்டும். திரும்பத் திரும்ப அதே இடத்துக்கு வரும் பொறுமையும் வேண்டும். பார்வை இழக்கிற அகலம்தான் அன்பு கொடுக்கிற விலை.

ரெண்டர் முடிந்த மாலை அம்மா வீட்டுக்குப் போனேன். வாசலில் நிற்காமல் உள்ளே போய் உட்கார்ந்தேன். கேட்க என்னிடம் கேள்வி எதுவும் இல்லை. சற்று நேரம் கழித்து அம்மாவாகவே பேசத் தொடங்கினாள்.