இழப்பில்லாதவருக்கு எதற்கு நிவாரணம்?

2025 மே மாதக் கடைசியில் அமெரிக்க வேளாண் துறை, கால்நடைப் பண்ணையாளர்களுக்கு நூறு கோடி டாலருக்கும் மேல் அவசர உதவி அறிவித்தது. 2023, 2024 ஆண்டுகளின் வறட்சிக்கும் காட்டுத்தீக்கும் ஈடு. விண்ணப்பம்கூடக் கேட்கவில்லை, முன்பே மேய்ச்சல் நிவாரணம் வாங்கியோர் பட்டியலைப் பார்த்துப் பணம் போய்விட்டது. இதைத் தாராளம் என்று பாராட்ட முடியவில்லை. இழப்பைப் பாராமல் பொதுப்பணத்தை வழங்குவது ஈகை ஆகாது, அநீதியே ஆகும்.

இந்த வழியில் ஏற்கெனவே ஒருமுறை போய்ப் பார்த்தாயிற்று. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்வெளி ஓடம் டெக்சாஸ் வானில் சிதறியது. சிதறல்கள் விழுந்த கவுண்டிகள் (மாவட்டங்கள்) பேரிடர்ப் பகுதிகள் ஆயின. வறட்சிக்கென்று தொடங்கிய கால்நடை இழப்பீட்டுத் திட்டம் எந்தப் பேரிடருக்கும் செல்லும் என்று அதே ஆண்டில் விரிக்கப்பட, புல் பச்சையாக இருந்த பண்ணைகளுக்கும் காசோலை போனது. விண்கலம் சிதறியதில் எந்த மாட்டுக்குத் தீவனம் குறைந்ததோ! 2006இல் வாஷிங்டன் போஸ்ட் கணக்குப் பார்த்தது. மொத்தம் 120 கோடி டாலரில் 63.5 கோடி, வறட்சி மிதமாக இருந்த அல்லது அறவே இல்லாத இடங்களுக்குச் சென்றிருந்தது. சான்று கேட்கவில்லை, மாட்டை எண்ணிப் பணம் கொடுத்திருந்தார்கள்.

2023, 2024இல் மேய்ச்சல் நிவாரணத்துக்கு இருந்த விதியும் அதிகம் மாறிவிடவில்லை. வாராந்திர வறட்சி வரைபடத்தில், மேய்ச்சல் பருவத்தின்போது கவுண்டியின் ஒரு மூலை தொடர்ந்து எட்டு வாரம் கடும் வறட்சியில் இருந்தால் முழுக் கவுண்டிக்கும் தகுதி வந்துவிடும். மறுமூலையில் இருப்பவர் தம் மேய்ச்சல் குறைந்ததென்று தாமே எழுதிக் கையெழுத்திட்டால் ஆயிற்று. பனிப்புயலில் கன்றைப் பறிகொடுத்தவர் கதை வேறு. புகைப்படம், கால்நடை மருத்துவர் சான்று, இறந்த உடலை ஏற்றிச் சென்ற வண்டியின் ரசீது என்று அவர் திரட்ட வேண்டும். கிடைப்பதும் சந்தை விலையில் 75 சதவீதம்தான். இழந்து நிற்பவரிடம் சாட்சி கேட்கும் அரசு, இழந்தேன் என்பவரை அப்படியே நம்புகிறது.

இல்லாதவருக்குக் கொடுப்பதே ஈகை, மற்றதெல்லாம் கைமாறு கருதியது என்றார் வள்ளுவர். பண்ணை மாநிலங்களின் வாக்கு எடை தெரிந்தவர்களுக்கு அந்தக் கைமாறு எதுவென்று சொல்லத் தேவையில்லை. தாங்கக்கூடியவருக்குக் கொடுப்பவரை அறத்தை விற்பவர் வரிசையில் வைக்கிறது மணிமேகலை. பங்கீட்டில் விகிதம் பிசகுவதையே அநீதி என்றார் அரிஸ்டாட்டில். பஞ்சத்தில் விதையும் உணவும் கொடு என்று அரசனுக்குச் சொன்ன கௌடில்யர், அதே நூலில் கருவூலப் பணம் களவுபோகும் நாற்பது வழிகளையும் எண்ணி வைத்தார். கொடுக்கச் சொன்னவரே காவலும் சொன்னார்.

பசித்த மாடு விசாரணை முடியும்வரை காத்திருக்காது என்பார்கள். உண்மைதான். 2024இல் ஸ்மோக்ஹவுஸ் க்ரீக் தீ டெக்சாஸ் பான்ஹேண்டிலில் பத்து லட்சம் ஏக்கருக்கு மேல் எரித்தபோது, ஒரு நாள் தாமதமும் கொடுமைதான். ஆனால் 2023இன் வறட்சிக்கு 2025இல் தந்த பணத்தில் என்ன அவசரம்? இடைப்பட்ட காலத்தில் ஒவ்வொரு பண்ணையாளரிடமும் கேட்டிருக்கலாமே: வைக்கோல் எவ்வளவு விலைக்கு வாங்கினீர்கள், தீவனம் இல்லாமல் எத்தனை மாடுகளை விற்றீர்கள் என்று. ரசீது இருக்கும். இப்போதாவது அதைக் கேட்கட்டும். காட்டுபவருக்கு அறிவித்ததைவிடக் கூடுதலாகவே தரட்டும். காட்ட முடியாதவரிடமிருந்து பணத்தைத் திரும்ப வாங்கட்டும்.