யார் ராஜகுமாரி?

போன மாதம் பேத்திக்கு ஸ்கூல் பேக் வாங்கப் போயிருந்தேன். பிங்க் கலர் பை. முன்பக்கம் முழுக்க டிஸ்னி ராஜகுமாரிகள், குரூப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி வரிசையாக. கடைக்காரர் பில் போட்டுக்கொண்டிருந்தபோது அந்த ஆறு வயசுக்காரி கேட்டாள்:

“தாத்தா, முலான் ராஜா பொண்ணே இல்லியே. அவ எப்படி இதுல இருக்கா? எல்சா நெஜமாவே ராணி. அவ ஏன் இல்ல?”

“அது அப்படித்தாம்மா” என்று சமாளித்துவிட்டேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை. நீங்களும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அது ஒன்றும் சின்னக் கேள்வி இல்லை.

முதலில் கதை. நைக்கி ஷூ கம்பெனியிலிருந்து டிஸ்னிக்கு வந்தவர் ஆண்டி மூனி. 2000 வாக்கில் அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்தில், ஐஸ் தரையில் டிஸ்னி கதைகளை ஆடிக் காட்டும் ஷோ ஒன்றுக்குப் போகிறார். வாசலில் குட்டிப் பெண்கள் ராஜகுமாரி டிரஸ்ஸில் நிற்கிறார்கள். ஒன்றுகூட டிஸ்னி விற்ற டிரஸ் இல்லை. எல்லாம் அம்மாக்கள் வீட்டில் ஒப்பேற்றியது. வியாபாரிக்குப் பொறி தட்டியது. வேறு வேறு படங்களில் இருந்த பெண்களை எல்லாம் ‘டிஸ்னி பிரின்சஸ்’ என்று ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தார். 2001-ல் 30 கோடி டாலராக இருந்த விற்பனை 2006-ல் 300 கோடி டாலர்!

வால்ட் டிஸ்னியின் அண்ணன் மகன் ராய் டிஸ்னிக்கு இது பிடிக்கவில்லை. தனித்தனிக் கதையில் வாழ்கிறவர்களை ஒன்றாக நிறுத்துவது அபசாரம் என்று நினைத்தார். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள் பாருங்கள்: சேர்ந்து நிற்கலாம், ஆனால் ஒருத்தி கண்ணை இன்னொருத்தி பார்க்கக் கூடாது. ஒவ்வொருத்தியும் வேறு வேறு திசையில், பக்கத்தில் ஆள் இருப்பதே தெரியாத மாதிரி பார்ப்பாள். வீட்டில் அப்படி ஒரு படம் இருந்தால் எடுத்துப் பாருங்கள்.

சரி, தகுதி என்ன? பிறப்பா? ஸ்னோ ஒயிட், ஏரியல், ஜாஸ்மின் எல்லாம் ராஜா மகள்கள். ஒப்புக்கொள்ளலாம். கல்யாணமா? சின்ட்ரெல்லா, பெல் அந்த வழியில் வந்தவர்கள். முலானுக்கு இரண்டும் இல்லை. அவள் சிப்பாய் வீட்டுப் பெண். வீரம்தான் தகுதி என்றால், 2001-ல் வந்த ‘அட்லாண்டிஸ்’ படத்தின் கிடா என்ன குறைச்சல்? ராஜா மகள், வீராங்கனை, கடைசியில் ராணியும் ஆகிறாள். பாவம், படம் ஓடவில்லை. 1985-ல் வந்த ‘தி பிளாக் கால்ட்ரன்’ படத்தில் ஐலன்வி என்று ஒரு அசல் ராஜகுமாரி உண்டு. அதுவும் ஃபிளாப். இரண்டு பேருக்கும் பையில் இடம் கிடையாது. எல்சாவுக்கோ தலைகீழ் பிரச்னை. 2013-ல் வந்த ‘ஃப்ரோசன்’ தனிக்கடை போடுகிற அளவுக்கு ஓடியது. தனிக்கடை வைத்தவள் கூட்டுக்கடைக்கு எதற்கு?

இதில் பெரிய வேடிக்கை 2009-ல் வந்த ‘தி பிரின்சஸ் அண்ட் தி ஃப்ராக்’. தவளையாகிவிட்ட இளவரசன், ஒரு ராஜகுமாரி முத்தமிட்டால் மனிதனாகிவிடுவான். டியானா ஓட்டலில் சர்வர் வேலை பார்க்கிறவள். ஒரு விருந்தில் ராஜகுமாரி கவுன், கிரீடம் எல்லாம் போட்டுக்கொண்டு நிற்கிறாள். தவளை ஏமாந்துபோய் முத்தம் கேட்கிறது. கொடுக்கிறாள். அவளும் தவளையாகிவிடுகிறாள்! டிரஸ் போட்டால் ராஜகுமாரி இல்லை என்று மந்திரத்துக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் படத்தை எடுத்ததும், அதே டிரஸ்ஸைக் கடையில் தொங்கவிட்டதும் ஒரே கம்பெனி.

பிளேட்டோ எழுதிய ‘யூதிஃப்ரோ’ உரையாடலில் சாக்ரடீஸ் ஒரு கேள்வி கேட்பார். ஒரு காரியம் புனிதமாக இருப்பதால் தெய்வங்களுக்குப் பிடிக்கிறதா, தெய்வங்களுக்குப் பிடிப்பதால் அது புனிதமாகிறதா? யூதிஃப்ரோ கடைசிவரை தடுமாறிவிட்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பிவிடுவார். என் பேத்தி கேட்டதும் அதுதான். ராஜகுமாரி என்பதால் லிஸ்ட்டில் சேர்த்தார்களா, லிஸ்ட்டில் இருப்பதால் ராஜகுமாரியா?

விற்பனைதான் தகுதி, இதில் என்ன நியாயம் என்று நீங்கள் கொதிக்கலாம். அவசரப்படாதீர்கள். பிறப்புதான் தகுதி என்று வைத்தால் முலானும் டியானாவும் வாசலிலேயே நின்றிருப்பார்கள். குலம் கோத்திரம் பார்க்கிற கதவைவிட கல்லாப்பெட்டி பார்க்கிற கதவு கொஞ்சம் அகலம்தான். இதைச் சொல்ல எனக்கே கஷ்டமாக இருக்கிறது. ஆனால் உண்மை.

ஆனால் அந்தப் பையில் ஒருத்தி மட்டும் நிஜமாகவே வாழ்ந்தவள். போகஹான்டாஸ். அது செல்லப் பெயர்; மடோகா என்றும் அவளுக்குப் பெயர் உண்டு. வர்ஜீனியா பகுதியில் பல பூர்வகுடிகளுக்குத் தலைவரான பவ்ஹாட்டனின் மகள். அவர்கள் வழக்கப்படி தலைமை தாய்வழியில் போகும்: தலைவருக்குப் பிறகு தம்பிகள், பிறகு சகோதரிகள், அப்புறம் சகோதரிகளின் பிள்ளைகள். கிட்டத்தட்ட நம் நாஞ்சில் நாட்டு மருமக்கள்வழி மாதிரி. தலைவர் பெற்ற மகளுக்கு அதில் பங்கில்லை. ஆக, சொந்த ஜனங்களின் கணக்கில் அவள் பட்டத்து இளவரசி இல்லை.

அவளை இளவரசி என்று கொண்டாடியது இங்கிலாந்துக்காரர்கள். 1613-ல் அவளைச் சிறைபிடித்தார்கள். மதம் மாற்றினார்கள். ரெபெக்கா என்று பெயர் வைத்தார்கள். 1614-ல் ஜான் ரோல்ஃப் என்ற புகையிலைப் பண்ணைக்காரருக்குக் கல்யாணம் செய்துகொடுத்தார்கள். 1616-ல் வர்ஜீனியா கம்பெனி, ஆமாம் சார், கம்பெனிதான், கைக்குழந்தையோடு அவளை லண்டனுக்குக் கூட்டிவந்து ஊருக்கெல்லாம் காட்டியது. எங்கள் குடியேற்றம் நன்றாக நடக்கிறது, பணம் போடுங்கள் என்று சொல்ல. உயரத் தொப்பியும் லேஸ் காலருமாக அவளை ஒரு படம் வரைந்தார்கள், பேரரசரின் மகள் என்று அதில் எழுதி. 1617-ல் ஊர் திரும்புகிற வழியில், கப்பல் தேம்ஸ் நதியைத் தாண்டுவதற்குள், கிரேவ்ஸெண்டில் செத்துப்போனாள். இருபத்தொன்று வயசு இருக்கலாம்.

ஆண்டி மூனி பிறப்பதற்கு முன்னூறு வருஷத்துக்கு மேல் முன்னாடியே ஒரு கம்பெனி ராஜகுமாரி தயாரித்துவிட்டது. அவளை யாராவது கேட்டார்களா?

வியாபாரி லிஸ்ட் போடுவதில் தப்பில்லை. ‘இவை நன்றாக விற்கும் பொம்மைகள்’ என்று போர்டு வைத்தால் பிரச்னையே இல்லை. 2011-ல் ரபுன்ஸலைச் சேர்க்க லண்டன் கென்சிங்டன் அரண்மனையில், நிஜ ராஜ குடும்பம் வாழ்ந்த இடத்தில், விழா எடுத்தார்கள். விற்பனைக்குக் கிரீடம் வைத்து அதை யோக்கியதை மாதிரி காட்டுவதுதான் எனக்கு உறுத்துகிறது.

உறுத்துவதற்கு எனக்கு என்ன அருகதை என்று கேட்டால், சொல்லிவிடுகிறேன். பல வருஷம் முன்னால் ஒரு சிறுகதைப் போட்டிக்கு மூன்று நடுவர்களில் நானும் ஒருவன். பத்திரிகை பெயர் வேண்டாம். மூன்று பேருக்குமே பிடித்த கதை ஒன்று இருந்தது. “இதை ஜனங்க படிக்க மாட்டாங்க” என்றார் ஒருவர். நானும் தலையாட்டினேன். அதோடு விட்டிருந்தால் அது வியாபாரம். பரிசளிப்பு விழாவில் மைக்கைப் பிடித்து, “தகுதி ஒன்றைத்தான் பார்த்தோம்” என்று பேசினேன். நல்ல கைதட்டல். அந்தக் கதையை எழுதிய பெண்மணி கூட்டத்தில் எங்காவது உட்கார்ந்திருந்தாரா என்று எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் அவர் பெயரை எங்கும் பார்க்கவில்லை.

இதையெல்லாம் ஆறு வயசுக்கு எப்படிச் சொல்வது? “எது நிறைய விக்குதோ அதைப் பையில போடுவாங்கம்மா. அதான் காரணம்” என்று சொன்னேன். முதல் நாள் சொன்ன பதிலைவிட இது தேவலை.

அவள் பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தாத்தா, இவங்க ஏன் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கவே இல்ல? சண்டையா?”

“இல்லம்மா. பாக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க.”

ஸ்கெட்ச் பேனா எடுத்துக்கொண்டு வந்தாள். முலானுக்கும் போகஹான்டாஸுக்கும் கண்ணை வேறு பக்கம் திருப்பி வரைய ஆரம்பித்தாள். புதுப் பை. விலை ஆயிரத்து இருநூறு. நான் தடுக்கவில்லை.