பன்னிரண்டு மாதத்தில் எத்தனை வீடு?

2007 ஜூன் 7, விடியப்புறம். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை லொட்ஜ்களின் கதவுகளைப் பொலிஸார் தட்டினார்கள். கொழும்பில் நிற்கத் தக்க காரணம் இல்லையென்று 370க்கும் மேற்பட்ட தமிழரை பஸ்களில் ஏற்றி வடக்குக் கிழக்குக்கு அனுப்பினார்கள். பாஸ்போர்ட் எடுக்க வந்தவரும் வைத்தியத்துக்கு வந்தவரும் ஒரே பஸ்ஸில். மறுநாள் உயர் நீதிமன்றம் தடை விதித்தது.

ஆளை அறியாமலே ஆபத்தைக் கணிக்கிற வேலையை அமெரிக்காவில் கணினியிடம் கொடுத்திருக்கிறார்கள். பிடிபட்டவர் மீண்டும் குற்றம் செய்வாரா என்று 'கொம்பாஸ்' மென்பொருள் 1 முதல் 10 வரை புள்ளி போடும். 137 கேள்விகளில் இனம் கிடையாது. ஆனால் கடந்த 12 மாதத்தில் எத்தனை தடவை வீடு மாறினீர்கள் என்று கேட்கும். இடம்பெயர்ந்து வந்த எங்கள் சனத்திடம் இதைக் கேட்டிருந்தால் எத்தனை புள்ளி விழுந்திருக்கும்!

புளோரிடாவின் ஒரு மாவட்டத்துக் கொம்பாஸ் கணக்குகளை 2016இல் 'புரோபப்ளிகா' செய்தி நிறுவனம் கிளறியது. பிடிபட்ட பிறகு வேறு குற்றமே செய்யாத கறுப்பினத்தவரில் 45 வீதமானோருக்கு ஆபத்து முத்திரை விழுந்திருந்தது. வெள்ளையரில் 23 வீதம். மென்பொருளைத் தயாரித்த நிறுவனம் மறுத்தது. 2018இல் டார்ட்மத் கல்லூரி ஆய்வாளர் இருவர், வயதையும் பழைய தண்டனைகளையும் மட்டும் வைத்தே ஏறக்குறைய அதே துல்லியத்தை எட்டிக் காட்டினார்கள். மற்றக் கேள்விகள் எதற்காம்?

லொட்ஜிலிருந்து ஏற்றப்பட்டவர்களுக்காக வழக்குப் போட முடிந்தது. யார் ஏற்றியது என்றும் தெரிந்திருந்தது. ஆனால் விஸ்கொன்சினில், கொம்பாஸ் புள்ளியையும் பார்த்துத் தண்டிக்கப்பட்ட எரிக் லூமிஸ் தன் புள்ளி வந்த வழியைக் கேட்டார். வியாபார இரகசியம் என்றார்கள். 2016இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர் தண்டனையை உறுதிசெய்தது.